நின்று நின்று செல்லும் வண்டியும் மலைநாட்டுப் பாதையும்

பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலைகள் கலைகின்றன. அவ்வேளையில் ஹற்றன் நகரின் கடைவீதியைக் கடந்து செல்வது எளிய காரியமன்று. வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகள் நடைபாதையில் இடங்கொள்ளாது வீதியில் இறங்கி நடப்பர். அவர்களை ஏற்றிச்செல்ல வந்த வேன்களும் முச்சக்கர வண்டிகளும் இருமருங்கும் நிற்கும். கொழும்பிலிருந்து ஏறிவந்த பஸ் வண்டியும், தலவாக்கலைப் பக்கமிருந்து வந்த லொறியும் எதிரெதிரே முகங்கொடுத்து நிற்க, நடுவில் அகப்பட்ட வாகனங்கள் பத்து அடி நகர்வதும் பின்பு நிற்பதுமாகக் காலங் கழிக்கும்.

அந்த வரிசையில் நிற்கும் வண்டிகளைச் சற்றே உற்றுக் கவனித்தால் ஒரு வேற்றுமை புலப்படும். பெரும்பாலான வண்டிகள் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டும் புகைகக்கிக்கொண்டும் இருக்கின்றன. ஆனால் உயரமான ஒரு வண்டி, ஊரார் பொதுவாக ஜீப் என்றே அழைக்கும் வகையைச் சேர்ந்தது, சிறிதும் ஓசையின்றி நிற்கிறது. முன்வண்டி நகர்ந்ததும் அதுவும் ஓசையின்றியே நகர்கிறது. சில அடி சென்ற பின்னரே அதன் எஞ்சின் விழித்துக்கொள்கிறது. இதுவே ஹைபிரிட் வண்டி. பெற்றோல் எஞ்சின் ஒன்றும் மின்சார மோட்டார் ஒன்றும் ஒரே உடலில் கூடி வாழும் வண்டி என்று இதனைச் சொல்லலாம்.

இவ்வகை வண்டிகளைப் பற்றி மலைநாட்டில் இருவேறு பேச்சுகள் உலவுகின்றன. 'எண்ணெயே குடிக்காது' என்பார் ஒருவர். 'கொழும்பில் நன்றாக ஓடியது. இங்கே கொண்டுவந்த பின்பு சாதாரண வண்டியைப் போலத்தான் குடிக்கிறது' என்பார் மற்றொருவர். இருவருமே தம் அனுபவத்தைத்தான் கூறுகிறார்கள், எவரும் பொய்யுரைக்கவில்லை. எனினும் ஒரே வண்டி ஓரிடத்தில் சிக்கனமாகவும் மற்றோரிடத்தில் சாதாரணமாகவும் நடந்துகொள்ளக் காரணம் யாது? அதற்கான விடையின் பாதி வண்டியிலும் மறுபாதி பாதையிலும் கிடக்கிறது.

இது வெறும் பொழுதுபோக்கான வினாவன்று. 2022ஆம் ஆண்டில் இந்நாடு பட்ட பாட்டை நேயர்கள் எவரும் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவுக்கு விற்ற 92 ரகப் பெற்றோல் ஜூன் மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. அந்த விலை கொடுத்தும் கிடைக்கவில்லை. எரிபொருள் நிலையங்களின் முன்னே மக்கள் இரவு பகலாக வரிசையில் கிடந்தனர். பின்னர் ஜூலையில் கியூ.ஆர். அட்டை முறை வந்து, மோட்டார் காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று பங்கிட்டனர். 2023 செப்டெம்பரில் அம்முறை நிறுத்தப்பட்டது. ஆயினும் ஒரு லீற்றரில் எத்தனை தூரம் போகலாம் என்ற கணக்கு அன்றுதொட்டு ஒவ்வொரு குடும்பத்தின் கணக்காகிவிட்டது. தோட்டத்துப் பாடசாலைக்கு நாள்தோறும் வந்துபோகும் ஆசிரியரும், பிள்ளைகளை ஏற்றியிறக்கும் வேன்காரரும், நோயாளியை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லும் அயலவரும் அக்கணக்கைப் போட்டே தீரவேண்டியிருந்தது.

இனி, வண்டியின் உள்ளே நிகழ்வதைப் பார்ப்போம்.

பெற்றோல் எஞ்சினிடத்தில் ஒரு குணம் உண்டு. கனமான வேலை கொடுத்தால் அது ஓரளவு சிக்கனமாக உழைக்கும். இலேசான வேலை கொடுத்தால் வீண்செலவு செய்யும். வேலையே கொடாது விட்டால் முற்றும் வீணாக எரிக்கும். நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சாதாரண எஞ்சின் ஒன்று மணிக்கு அரை லீற்றருக்கு மேல் பெற்றோலை எரிக்கிறது. வண்டி ஓர் அங்குலமும் நகர்வதில்லை. நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம் நெரிசலில் நிற்கும் ஒருவர் மாதத்தில் இருபது நாள் வேலைக்குச் செல்வாரானால், 15 மணி நேரம் நின்றபடியே எஞ்சினை ஓட்டியவர் ஆகிறார். ஏழு எட்டு லீற்றர் பெற்றோல் அங்கே காற்றோடு போயிற்று. கியூ.ஆர். காலத்துப் பங்கீட்டில் அது ஒரு காரின் இரண்டரை நாள் உரிமை. ஹைபிரிட் வண்டி முதலிற் செய்யும் உபகாரம் இந்த வீண்செலவைத் தவிர்ப்பதே. வண்டி நின்றதும் எஞ்சின் அணைகிறது. மெல்ல நகரும்போது மோட்டாரே வண்டியை இழுக்கிறது.

இரண்டாவது உபகாரம் பிரேக்கைச் சார்ந்தது. ஓடும் வண்டியிடம் ஒரு சக்தி இருக்கிறது. அந்தச் சக்தி பெற்றோலை விலைகொடுத்து வாங்கிப் பெற்றது. சாதாரண வண்டியில் பிரேக்கை அழுத்தினால் அச்சக்தி முழுவதும் பிரேக் தட்டுகளில் சூடாகி வெளியே போய்விடுகிறது. ஹைபிரிட் வண்டியிலோ பிரேக்கை மெல்ல அழுத்தும்போது, அதுவரை சக்கரத்தைச் சுழற்றிய மோட்டாரைச் சக்கரம் சுழற்றுகிறது. மோட்டார் அப்பொழுது டைனமோவாக மாறி மின்சாரத்தை உண்டாக்க, அது பற்றறியிற் சேர்கிறது. மறுபடி புறப்படும்போது அதே மின்சாரம் வண்டியைத் தள்ளிவிடுகிறது. சக்தி முழுவதும் திரும்பி வருவதில்லை. போகும்போதும் வரும்போதும் சிறிது சிறிது கசியும். இருந்தும், முழுவதும் இழப்பதினும் பாதியையாவது மீட்பது இலாபமன்றோ?

இதைச் சிறு கணக்கால் விளக்கலாம். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோகிராம் எடையுள்ள ஜீப் வண்டி ஒன்று மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதனிடமுள்ள சக்தி, அதே வண்டியை நிலத்திலிருந்து சுமார் 5 மீற்றர் உயரத்துக்குத் தூக்குவதற்குப் போதுமானது. அதாவது, அவ்வேகத்திலிருந்து ஒருமுறை பிரேக் பிடித்து நிற்பதும், 5 மீற்றர் இறக்கத்தில் இறங்குவதும் சக்திக் கணக்கில் ஒன்றே. இந்த ஐந்து மீற்றரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக. மலைப்பாதைக்குச் செல்லும்போது இது மீண்டும் வேண்டியிருக்கும்.

வேகம் பாதியானால் சக்தி காற்பங்காகிவிடும் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஆகையால், நத்தைபோல் ஊரும் கடைவீதி நெரிசலில் பிரேக்கினால் மீட்கும் மின்சாரம் அற்பமே. அங்கே கிடைக்கும் சிக்கனம் பெரும்பாலும் எஞ்சின் அணைந்திருப்பதால் வருவது. சற்று வேகமெடுத்து ஓடி, பிறகு நின்று, மீண்டும் ஓடும் பேராதனை வீதி, கட்டுகஸ்தோட்டை வீதி போன்றவற்றில்தான் பிரேக்கின் மீட்பும் சேர்ந்து இலாபம் இரட்டிக்கிறது.

உலகில் பெருந்தொகையாக உற்பத்திசெய்யப்பட்ட முதல் ஹைபிரிட் கார் டொயோட்டா பிரியஸ். அது 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஜீப் உருவமுள்ள ஹொண்டா வெசல் 2013 டிசம்பரில் அங்கே வெளியாகிச் சிறிது காலத்துக்குள் இலங்கை வீதிகளை நிறைத்தது. ஹைபிரிட் வண்டிகளுக்கு இங்கு வழங்கப்பட்ட வரிச்சலுகை அதற்கு ஒரு காரணம். உயரமான வண்டியை மலைநாட்டார் விரும்பியதற்கு வேறு காரணமும் உண்டு. பிரதான வீதியை விட்டுத் தோட்டத்துப் பாதையில் திரும்பினால், மழை அரித்த கல்லும் பள்ளமும் தாழ்ந்த காரின் வயிற்றைக் கிழித்துவிடும். லயங்களுக்குச் செல்லும் பாதைகள் செம்மையாக இருந்திருப்பின், பலர் சிறிய கார்களோடு அமைதி கொண்டிருப்பர் என்றே தோன்றுகிறது.

அந்த வெசல் வண்டி ஜப்பானில் வெளியானபோது, லீற்றருக்கு 27 கிலோமீற்றர் வரை ஓடும் என்பது அதன் பரிசோதனைக் கணக்கு. இத்தகைய எண்களே பின்னர் மனக்கசப்புக்கு வித்தாகின்றன. ஜே.சி.08 என்று பெயரிய அப்பரிசோதனை வீதியில் நடப்பதன்று. ஒரு கூடத்தில், சுழலும் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, ஏறத்தாழ 20 நிமிடத்தில் 8 கிலோமீற்றர் தூரத்துக்குச் சக்கரங்களை ஓடவிடுவார்கள். சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீற்றரளவு. நிற்பதும் புறப்படுவதும் அதிலே இடையிடையே வரும். நகரத்து நெரிசலை ஓரளவு ஒத்த பரிசோதனை இது என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அந்த உருளைகளில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கினிகத்தேனை வளைவுகளையோ றம்பொடை மலையையோ அந்தக் கூடம் அறியாது.

இப்போது அந்த மலைக்கே செல்வோம்.

நுவரெலியா நகரம் கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கண்டிச் சாலையில் லபுக்கலைத் தேயிலைச் சரிவுகளைச் சுற்றிச்சுற்றி இறங்கி, ஏறத்தாழ 30 கிலோமீற்றர் சென்றால் றம்பொடை. அவ்விடத்தின் உயரம் சுமார் 1,000 மீற்றர். ஆகவே அந்த 30 கிலோமீற்றரில் வண்டி 870 மீற்றரளவு கீழே வருகிறது. ஒருமுறை நிற்பதற்கு 5 மீற்றர் என்ற நமது கணக்கின்படி, இந்த ஓர் இறக்கம் 170 தடவைக்கு மேல் பிரேக் பிடித்து நிற்பதற்கு ஒப்பாகும். மின்சாரப் பட்டியலில் வரும் அலகுகளில் சொன்னால், மூன்றரை அலகு. வீட்டில் ஒரு 10 வாற்று மின்குமிழை 350 மணி நேரம் எரிப்பதற்கு அது போதும்.

இந்தச் சக்தியில் ஏறத்தாழப் பாதியை டயர்களின் உராய்வும் காற்றின் தடையும் விழுங்கிவிடும். மீதி ஒன்றேமுக்கால் அலகு எஞ்சுகிறது. அது பற்றறிக்குள் போகவேண்டும், அல்லது எஞ்சினையும் பிரேக்கையும் சூடாக்கி வெளியேறவேண்டும். வெசல் வண்டியின் பற்றறி முழுவதும் நிறைந்தாலும் கொள்வது ஓர் அலகுக்குக் குறைவு. அதிலும், பற்றறியின் ஆயுளைக் காக்கும்பொருட்டு முற்றாக வெறுமையாகவோ முற்றாக நிறையவோ விடாமல், நடுவிலுள்ள ஒரு பகுதியை மாத்திரமே வண்டி பயன்படுத்துகிறது. ஆகவே உண்மையில் கையாளப்படுவது அரை அலகுக்கும் குறைவானதே. நுவரெலியாவிலிருந்து புறப்பட்ட வண்டியின் பற்றறி றம்பொடையை எட்டுமுன்பே, பல தடவைகளில் பாதி வழியிலேயே, நிறைந்துவிடும். அதற்குமேல் வரும் சக்திக்கு அங்கே இடமில்லை.

தலவாக்கலைக்கு அண்மையில் சென் கிளயர் நீர்வீழ்ச்சி விழுகிறது. அதன் கீழே ஒருத்தி குடத்தை நீட்டினால் ஒரு நொடியில் குடம் நிறையும். மிகுதி ஆற்றோடு போகும். குடத்தைக் குறைசொல்வதற்கு நியாயமில்லை. அது கிணற்றுக்கும் பீலிக்கும் போய்வருவதற்காகச் செய்யப்பட்டது. ஹைபிரிட் வண்டியின் பற்றறியும் அவ்வாறே நகரத்து வீதிக்காக அளவெடுத்துச் செய்யப்பட்டது. அங்கே ஒவ்வொரு முறை நிற்கும்போதும் சிறிதளவு சக்தி வருகிறது. அடுத்த கணம் புறப்படும்போது அது செலவாகிறது. வரவும் செலவும் மாறிமாறி நடப்பதால் சிறிய பாத்திரமே போதும். மலையிலோ வரவு முழுவதும் ஒரே நேரத்தில், செலவு முழுவதும் இன்னொரு நேரத்தில்.

மலையின் உயரத்திலிருக்கும் சக்தியைச் சேமிக்கும் வித்தை மலையகத்தாருக்குப் புதிதன்று. முற்காலத்தில் சில தோட்டங்களில், உயர்ந்த மலைகளில் பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டிக் கம்பியிற் கோர்த்துத் தொழிற்சாலைக்கு ஓடவிடுவார்கள். பாரமே தன்னை இழுத்துக்கொண்டு வந்துசேரும். மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா நீரைத் தேக்கி மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர கண்ட கனவு 1950இல் லக்சபானவில் நனவாயிற்று. காசல்றீயிலும் மவுசாகலையிலும் இன்று தேங்கிநிற்கும் நீர் முழுவதும் உயரத்திற் கட்டிவைத்த சக்தியே. ஆனால் அதைக் கட்டிவைப்பதற்கு ஒரு பள்ளத்தாக்கே தேவைப்பட்டது. ஜீப்பின் பின்னாசனத்தருகே வைத்த சிறு பெட்டி எம்மாத்திரம்?

ஏற்றத்தின் கதை இன்னும் கடினமானது. அதே 870 மீற்றரை ஏறுவதற்கு, எஞ்சின் மிக நன்றாக உழைத்தாலும், ஏறுதலுக்கென்று மாத்திரம் ஒரு லீற்றருக்குச் சற்று மேற்பட்ட பெற்றோல் வேண்டும். பாதையில் ஓடுவதற்கான செலவு இதற்கு மேற்பட்டது. ஹைபிரிட் என்ற பெயரால் இச்செலவு குறையாது. ஏற்றத்தின் தொடக்கத்தில் மோட்டார் கைகொடுக்கும். சில கிலோமீற்றருக்குள் பற்றறி இளைத்துவிடும். அதன்பின் எஞ்சின் தனியே வண்டியையும், தன்னோடு வந்த மோட்டாரையும் பற்றறியையும் சேர்த்துச் சுமக்கவேண்டும்.

இங்கே கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மலையேறும்போது சாதாரண வண்டியின் எஞ்சினும் கனமான வேலையைச் செய்கிறது. கனமான வேலையில் எஞ்சின் சிக்கனமாக உழைக்கும் என்று முன்பு கண்டோம். இறங்கும்போதோ, கியரில் வைத்து முடுக்கியை விட்டால், சாதாரண வண்டியும் பெற்றோல் ஊட்டத்தை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. ஆகவே மலையில் சாதாரண வண்டி செய்யும் வீண்செலவு குறைவு. வீண்செலவு குறைந்த இடத்தில் அதைத் தடுப்பதற்கென்று வந்த கருவிக்கு வேலையும் குறைவு. நெரிசலில் சாதாரண வண்டி ஊதாரியாக நடப்பதாலேயே அதன் அருகே ஹைபிரிட் வண்டி பெருஞ்சிக்கனக்காரனாகத் தோன்றுகிறது. கொழும்பிற் பெற்ற இலாபத்தை மலைப்பாதையிலும் எதிர்பார்த்தவர் ஏமாற்றமடைவதற்குக் காரணம் இதுதான்.

மலைநாட்டின் காற்றும் குளிரும் தம் பங்குக்குச் சிறிது கலகம் செய்கின்றன. நுவரெலியாவின் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதிலும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மென்காற்றை உண்ணும் எஞ்சினின் முழுப்பலம் ஏறத்தாழ அவ்வளவே குறையும். மின்சார மோட்டார் காற்றை உண்பதில்லை. ஆதலால் அதன் பலம் குன்றுவதில்லை. பாரமேற்றிய லொறியை முந்திச்செல்லும் ஒரு கணத்தில் இதன் அருமை தெரியும்.

குளிரின் கதை வேறு. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் புல்வெளியில் உறைபனி படியும் விடியற்காலையில் வண்டியை எடுத்தால், எஞ்சின் தன்னைச் சூடாக்கிக்கொள்ளும்வரை அணையாது. இரண்டு மூன்று கிலோமீற்றரே உள்ள பயணமாயின், அது சூடேறுவதற்குள் பயணமே முடிந்துவிடும். நெரிசலில் நிற்கும்போது உள்ளே வெப்பக்காற்றைத் திறந்துவைத்தாலும் அப்படியே. அந்த வெப்பம் எஞ்சினிலிருந்து வருவதால், எஞ்சின் அடிக்கடி விழித்துக்கொள்ளும். கொழும்புக்காரர் குளிரூட்டிக்குக் கொடுக்கும் விலையை நுவரெலியாக்காரர் வெப்பத்துக்குக் கொடுக்கிறார் என்று சொல்லலாம். ஒரு கம்பளிச் சட்டையை அணிந்துகொள்பவர் அந்த விலையில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடுகிறார்.

ஆயின் மலையகத்துக்கு ஹைபிரிட் ஜீப் பயனற்றதோ? அவ்வாறு முடிவுகட்டுவது தவறு. ஹற்றன் கடைவீதியும், பண்டாரவளையின் குறுகிய தெருக்களும், ஏப்ரல் வசந்தகாலத்தில் வெளியூர் வாகனங்கள் வந்து குவியும் நுவரெலியாவும் மலையகத்தைச் சேர்ந்தவைதாம். ஏப்ரலில் கிரகரி ஏரியைச் சுற்றி நிற்கும் வாகன வரிசையைக் கண்டவர், கொழும்பில்தான் நெரிசல் என்று சொல்லமாட்டார். மேலும் ஜீப் வண்டி கனமானது. கனமான வண்டியை நிறுத்தி நிறுத்திப் புறப்படச் செய்வதில் இழப்பு அதிகம். மீட்பதற்கும் அதிகம் இருக்கிறது. ஆகவே உயரமான வண்டி கட்டாயந் தேவை என்பவருக்கு, நகர நெரிசலைப் பொறுத்தவரை, சாதாரண ஜீப்பிலும் ஹைபிரிட் ஜீப் மேலானதே. கொட்டகலையிலிருந்து ஹற்றனுக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்பவருக்கு ஏற்ற இறக்கம் சிறிது, நிறுத்தம் பெரிது. அவருக்கு அது உதவும். வாரந்தோறும் நுவரெலியாவிலிருந்து கண்டிக்குப் போய்வருபவருக்கு அவ்வளவு உதவாது. உயரம் தேவையில்லை என்பவர் சிறிய காரையே நாடுவது நலம். ஏற்றத்தில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் பெற்றோலால் வரி கட்டவேண்டியிருக்கிறது.

வண்டியைச் செலுத்தும் முறையிலும் சில மாற்றங்கள் வேண்டும். முன்வண்டி நின்றபின் சடுதியாகப் பிரேக்கை மிதிப்பவர், டைனமோவுக்கு வேலை கொடாமல் பிரேக் தட்டுக்கே வேலை கொடுக்கிறார். தூரத்திலேயே கண்டு மெல்ல அழுத்திவருபவரின் பற்றறி நிறைகிறது. ஏற்றமான கடைவீதியில் நிற்கும்போது பிரேக்கைப் பிடிக்காமல், முடுக்கியைச் சிறிது அழுத்தியே வண்டியைப் பின்னோக்கி உருளாமல் தாங்கிவைக்கும் பழக்கம் சில சாரதிகளிடம் உண்டு. ஹைபிரிட் வண்டிக்கு அது பெருங்கேடு. மோட்டார் சுழலாமலே மின்சாரத்தை உண்ணும். இரட்டைக் கிளச்சு அமைப்புள்ள வண்டிகளிலோ கிளச்சு தேய்ந்து கொதிக்கும். பிரேக்கைப் பிடித்து நிற்பதும், முன்னே நாலைந்து வண்டிக்கு இடம் விழுந்தபின் ஒரே ஓட்டமாக நகர்வதும் நல்லது. பின்னால் வருபவர் ஹோர்ன் அடிப்பார், அடிக்கட்டும்.

இறக்கத்தில் பெற்றோலைவிடப் பெரிய பொருள் ஒன்று பணயமாயிருக்கிறது. 2023 ஜனவரியில், நானுஓயா ரதல்ல குறுக்குவீதியின் இறக்கத்தில் நடந்த விபத்தில் ஏழு உயிர்கள் போனதை மலையகம் மறக்கவில்லை. அந்த வீதியைப் போன்ற செங்குத்தான இறக்கங்களில் பிரேக்கின் வெப்பமே எல்லா வண்டிக்கும் எமன். ஹைபிரிட் வண்டியில் இறங்கத் தொடங்கும்போது பிரேக்கின் பாரத்தில் ஒரு பங்கை மோட்டார் ஏற்றுக்கொள்ளும். பற்றறி நிறைந்ததும் அந்த உதவி நின்றுவிடும். அதை எதிர்பாராத சாரதி, வண்டி முன்போல் அடங்கவில்லையே என்று திகைப்பார். இதற்காகவே பல வண்டிகளில் கியர்க் கோலின் அருகே 'பி' அல்லது 'எல்' என்ற எழுத்து இருக்கிறது. நீண்ட இறக்கத்தின் உச்சியிலேயே அதற்கு மாற்றிவிட்டால், எஞ்சினும் சேர்ந்து வண்டியைப் பிடித்து நிறுத்தும். பெற்றோல் செலவு அதனால் ஏறுவதில்லை. சமதரையில் மாத்திரம் அதை வழக்கமாக்கிக்கொள்ளலாகாது.

பற்றறியின் முதுமையும் கவனிக்கத்தக்கது. தனியார் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆதலால் 2014, 2015ஆம் ஆண்டுகளில் வந்த வண்டிகளை மக்கள் கைவிடாது வைத்திருந்தனர். அவற்றின் பற்றறிகள் பத்து ஆண்டைக் கடந்துவிட்டன. தளர்ந்த பற்றறி விரைவில் நிறைந்து விரைவில் வெறுமையாகும். நெரிசலில் எஞ்சின் அணைந்த மறுகணமே மீண்டும் எழும்பும். ஹைபிரிட் என்ற பெயர் மட்டும் மிஞ்சும், சிக்கனம் மிஞ்சாது. பழைய வண்டியை வாங்க எண்ணுபவர் வெளிப்பூச்சின் பளபளப்பைப் பார்ப்பதிலும், பற்றறியைத் தகுந்தவரிடம் காட்டிப் பரிசோதிப்பதே அறிவு. பல வண்டிகளில் பற்றறிக்குக் குளிர்காற்று செல்லும் துவாரம் பின்னாசனத்தின் ஓரத்தில் இருக்கும். அதன்மேல் அரிசி மூடையையும் பிள்ளைகளின் புத்தகப் பையையும் அடுக்குபவர்கள் பலர். தோட்டப் பாதையின் புழுதியும் சேர்ந்து அதை அடைத்துவிடும். வலைத்துண்டைக் கழற்றித் தூசுதட்டுவதற்குச் செலவொன்றுமில்லை.

இறுதியாக, அளக்கும் முறை. வண்டியின் முகப்பில் மின்னும் எண்ணை நம்பி வாதிடுபவர்களே அதிகம். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கிய பின்பு அந்த எண்ணைப் பார்த்தால் வியப்பு உண்டாகும். அதே வழியில் ஏறிய பின்பு பார்த்தால் துக்கம் உண்டாகும். இரண்டும் பாதிக்கணக்கு. புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவந்த பின்னர் போடும் கணக்கே கணக்கு. ஹற்றனில் இருப்பவர் ஹற்றனிலேயே, ஒரே எரிபொருள் நிலையத்தில், முடிந்தால் ஒரே பம்பியில், தாங்கியை முழுதாக நிரப்பிக்கொள்ளவேண்டும். மலைநாட்டு நிலையங்கள் சிலவற்றின் தரை சரிவானது. வண்டி சரிந்து நின்றால் தாங்கியில் இரண்டொரு லீற்றர் வித்தியாசம் வரும். ஆகையால் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் பார்த்து நிறுத்துவது அவசியம். மீற்றரில் உள்ள தூரத்தைக் குறித்துவைத்து, இரண்டு வாரம் வழக்கம்போல் ஓடி, மறுபடி அங்கேயே நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லீற்றரால் வகுத்துப் பார்க்கவேண்டும். ஏப்ரலில் ஒருமுறையும் ஓகஸ்டில் ஒருமுறையும் இவ்வாறு செய்து ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் எழுதிவைத்தால், அடுத்த வண்டியை வாங்கும் நாளில் விற்பனையாளரின் விளம்பரத் தாளுக்கு அருகே அதை வைத்துப் பார்க்கலாம்.